டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸின் முதல் ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இது: "'கம் ஆன் ஐலீன்' பாடலைத் தவிர டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் குழுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுடைய முதல் ஆல்பமான 'சர்ச்சிங் ஃபார் தி யங் சோல் ரெபல்ஸ்' ஒரு பெரிய சாதனை என்கிறார்கள். கேட்டேன். பாடகர் அழுகிறாரா, சண்டை போடுகிறாரா என்றே தெரியவில்லை. பாதி வார்த்தைகள் காதில் விழவில்லை. பர்மிங்ஹாம் வெள்ளைக்காரப் பையன்கள் பாடுவதைச் சோல் இசை என்று எப்படிச் சொல்வது? இதை எப்படிக் கேட்க வேண்டும்?"

'கம் ஆன் ஐலீன்' பாடலைச் சிறிது நேரம் ஒதுக்கி வையுங்கள். 1982இல் வந்த அந்தப் பாட்டில் ஃபிடில் உண்டு, பான்ஜோ உண்டு, கிழிந்த மேலுடுப்போடு தெருவில் ஆடும் கும்மாளம் உண்டு. 1980 ஜூலையில் முதல் ஆல்பத்தை வெளியிட்ட குழு கிட்டத்தட்ட வேறொரு குழு. பாடகர் கெவின் ரோலண்டும் டிராம்போன் வாசித்த ஜிம் பேட்டர்சனும்தான் இரண்டிலும் இருக்கிறார்கள். முதல் குழுவில் மொத்தம் எட்டுப் பேர். கம்பளித் தொப்பி, துறைமுகத் தொழிலாளி அணியும் தடித்த மேலங்கி, தோளில் ஒரு பை என்று மேடைக்கு வருவார்கள். நியூயார்க் துறைமுகத்தைக் காட்டும் பழைய அமெரிக்கப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்ட தோற்றம் அது. வேலைக்குப் போகிற கூட்டம் வழியில் மேடையேறிவிட்டது போல இருக்கும்.

பாடகர் அழுகிறாரா, சண்டை போடுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான். ஏன் என்பது முதல் அரை நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. வானொலியின் குமிழைத் திருகும் சத்தம் கேட்கிறது. கரகரப்புக்கு நடுவே டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ஒரு நொடி வருகிறது, போகிறது. செக்ஸ் பிஸ்டல்ஸின் 'ஹாலிடேஸ் இன் தி சன்' வருகிறது, போகிறது. ஸ்பெஷல்ஸின் 'ரேட் ரேஸ்' வருகிறது, அதுவும் போகிறது. எழுபதுகளின் கனத்த ராக், அதைக் கவிழ்க்க வந்த முரட்டு பங்க் இசை, பங்கிற்குப் பின் வந்த, ஜமைக்கா வேர் கொண்ட துள்ளல் இசையான ஸ்கா என்று பத்தாண்டு இசையைக் காதால் புரட்டிவிட்டு மூடுகிறார்கள். பிறகு ரோலண்ட் தன் தோழர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர்கள் குரல் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கொளுத்துங்கள் என்று சொல்கிறார். ஊதுகருவிகள் பாய்கின்றன. 'பர்ன் இட் டவுன்' தொடங்குகிறது.

இதில் ஸ்பெஷல்ஸையும் சேர்த்துக் கடந்துபோனது சாதாரண விஷயமில்லை. 1979 இறுதியில் அவர்களுடைய ஸ்கா இசைத்தட்டு நிறுவனமான டூ டோனின் சுற்றுப்பயணத்தில் டெக்ஸிஸும் பங்கேற்றது. கூடவே பயணம் செய்தவர்களையும் வானொலியில் திருகித் தள்ளிவிட்டு, யாருடைய அணியிலும் நாங்கள் இல்லை என்று அறிவிக்கிற துணிச்சல் அது.

அடுத்து அந்தப் பாட்டின் பல்லவியைக் கவனியுங்கள். அங்கே வருவது பெயர்களின் வரிசை: ஆஸ்கர் வைல்டு, பிரெண்டன் பீஹன், ஷான் ஓ'கேஸி, ஜார்ஜ் பெர்னார்டு ஷா, சாமுவேல் பெக்கெட், யூஜீன் ஓ'நீல், எட்னா ஓ'பிரையன், லாரன்ஸ் ஸ்டெர்ன். அயர்லாந்தில் பிறந்தவர்கள் அல்லது அந்த வேர் உள்ளவர்கள். ஓர் ஆட்டப்பாட்டில் இவர்களுக்கு என்ன வேலை?

ரோலண்ட் 1953இல் வுல்வர்ஹாம்டனில் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக்காரர்கள். இங்கிலாந்தில் ஐரிஷ்காரன் என்றால் மூடன் என்று வைத்துச் சொல்லப்படும் நகைச்சுவைத் துணுக்குகள் அந்தக் காலத்தில் தொலைக்காட்சியிலும் மதுக்கடையிலும் தாராளமாகப் புழங்கின. பர்மிங்ஹாமில் நிலைமை இன்னும் மோசம். 1974 நவம்பர் 21 அன்று அந்நகரின் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஐரிஷ் பெயரோடும் பேச்சோடும் வாழ்வதே பழிக்கு இடமாகிவிட்டது. ஆறு ஐரிஷ்காரர்கள் கைதாகி, 1975இல் ஆயுள் தண்டனை பெற்று, குற்றமற்றவர்கள் என்று 1991இல்தான் விடுதலையானார்கள். 'பர்ன் இட் டவுன்' எழுதப்பட்டபோது அவர்கள் இன்னும் சிறையில் இருந்தார்கள். பாட்டு குண்டுவெடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மூடர்கள் என்று நீங்கள் சிரிக்கிற இனம் எழுதியதை முதலில் படித்துவிட்டு வாருங்கள், அதுவரை வாயை மூடுங்கள் என்று மட்டும் சொல்கிறது. இந்தப் பின்னணி தெரிந்த பிறகு அந்தப் பெயர் வரிசையைக் கேட்டால் அதில் உள்ள கோபமும் பெருமையும் தனித்தனியாகக் கேட்காது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டு மரபான சோல் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இங்கிருந்துதான் கிடைக்கிறது. இங்கிலாந்தின் வடக்கிலும் மத்தியிலும் இருந்த தொழில் நகரங்களில் எழுபதுகளில் 'நார்தர்ன் சோல்' என்று ஒரு பெரும் மோகம் இருந்தது. அமெரிக்காவில் யாரும் சீண்டாமல் போன 1960களின் கறுப்பின இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, விகன் கேசினோ போன்ற கூடங்களில் விடிய விடிய ஆடுவார்கள். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றவர்கள் சனிக்கிழமை இரவு முழுவதும் தூங்காமல் ஆட டெக்ஸிட்ரின் என்ற ஊக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டதும் உண்டு. குழுவின் பெயர் அந்த மாத்திரையிலிருந்து வந்தது. ஆனால் குழுவுக்குள் மதுவுக்கும் போதைக்கும் இடமில்லை என்று ரோலண்ட் கண்டிப்பாக இருந்தார். ஒத்திகையும் ஒழுங்கும்தான் அவருக்கு முக்கியம்.

ஆகவே இந்தப் பையன்களுக்குச் சோல் எங்கோ கடல் கடந்த நாட்டின் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. அவர்கள் வளர்ந்த தெருக்களின் சனிக்கிழமை இசையே அதுதான். ரோலண்டும் கிதார் வாசித்த கெவின் ஆர்ச்சரும் அதற்கு முன் 'கில்ஜாய்ஸ்' என்ற பங்க் குழுவில் இருந்தவர்கள். பங்க் சீக்கிரமே ஒரு சீருடையாகச் சுருங்கிப்போனதைப் பார்த்துவிட்டு 1978இல் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். பங்கின் வெறியையும் அமெரிக்க சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங் வழிவந்த உருக்கத்தையும் ஒரே தொண்டைக்குள் திணித்ததன் விளைவுதான் நீங்கள் கேட்ட அந்தக் குரல். ரெடிங்கைப் போலப் பாட ரோலண்டுக்கு வராது, அதற்கு அவர் முயலவும் இல்லை. சொற்களின் ஓரத்தைக் கடித்து, நடுவில் விம்மி, ராகத்துக்கு வெளியே தாவித் திரும்புகிறார். எனக்கு அமெரிக்க சோல் குழுவான 'சேர்மென் ஆஃப் தி போர்டு'இன் பாடகர் ஜெனரல் ஜான்சன்தான் நினைவுக்கு வருவார். அவரும் இப்படித்தான் ஒவ்வொரு வரியின் முடிவிலும் தொண்டையைத் தடுக்கிவிடுவார். வார்த்தை புரியவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், பிறகு தேவைப்படாது.

குரலைவிட எனக்குப் பிடித்தது ஊதுகருவிகள். ஜெஃப் பிளைத் டெனர் சாக்ஸஃபோன், ஸ்டீவ் ஸ்பூனர் ஆல்ட்டோ சாக்ஸஃபோன், பேட்டர்சன் டிராம்போன். டிரம்பெட் இல்லை. சோல் இசைத்தட்டுகளில் மேலே மின்னுவது வழக்கமாக டிரம்பெட்தான். அது இல்லாததால் இவர்களுடைய ஊதல் ஒலி கீழே இறங்கி, தடித்து, மார்பில் மோதுகிறது. மூன்று பேரும் தனித்தனியாக வித்தை காட்டுவது மிகக் குறைவு. ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வரியை, ஒரே மூச்சில் ஊதுகிறார்கள். பாடகர் ஒரு வாக்கியம் சொல்ல, அவர் பின்னால் நிற்கும் கூட்டம் ஆமோதிக்கிறது. பீட் சாண்டர்ஸின் ஆர்கன் இதற்கு அடியில் விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. பாஸ் கிதாரில் பீட் வில்லியம்ஸும் டிரம்ஸில் ஆண்டி குரோகாட்டும் ஆடம்பரமில்லாமல் உந்திக்கொண்டே போகிறார்கள். 'டெல் மீ வென் மை லைட் டர்ன்ஸ் கிரீன்' பாட்டில் இந்த அமைப்பு முழுமையாகக் கேட்கும். இருபத்து மூன்று வயதில் வாழ்க்கையிடம் நியாயம் கேட்கும் பாட்டு அது. விரக்தியான வரிகள், ஆனால் இசை கால்களை நிற்கவிடாது. சோல் இசையின் ஆதாரமான குணமே அதுதான் என்பது என் கருத்து: துக்கத்தைச் சொல்வதற்கு உடம்பு ஆட வேண்டும்.

ஆல்பம் 1980 ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சிப்பிங் நார்ட்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. தயாரிப்பாளர் பீட் விங்ஃபீல்டு. 1975இல் 'எய்ட்டீன் வித் எ புல்லட்' என்ற பாட்டால் தாமே புகழ்பெற்றவர், சோல் இசையின் உள்ளும் புறமும் அறிந்தவர். வேலை முடிந்த கையோடு ஒரு காரியம் நடந்தது. இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐ ஒப்பந்தப்படி விற்பனையில் தரும் பங்கு விகிதம் மிகக் குறைவு என்று குழுவினர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மூல ஒலிநாடாக்களை அவர்களே கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வண்டியில் பறந்துவிட்டார்கள். தங்கள் பாட்டைத் தாங்களே கடத்திவைத்துப் பேரம் பேசினார்கள். நல்ல விகிதத்துக்கு நிறுவனம் இணங்கிய பிறகுதான் நாடாக்கள் திரும்பின. இதைப் பலரும் வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் ஆல்பம் போடும் இளைஞர்களிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தங்களின் லட்சணம் தெரிந்தவர்களுக்கு, அது உழைத்தவர்கள் தங்கள் உழைப்பின் மீது கைவைத்து நின்ற நியாயம்.

'ஜீனோ' பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆல்பம் வருவதற்கு முன்பே, 1980 மே மாதத்தில், பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. ஜீனோ வாஷிங்டன் அமெரிக்காவின் இண்டியானாக்காரர். அமெரிக்க விமானப் படையில் பணியாற்ற இங்கிலாந்து வந்து, அங்கேயே ராம் ஜாம் பேண்டின் பாடகராகி, 1960களில் கிளப்புகளைக் கலக்கியவர். அவருடைய சிங்கிள்கள், அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டுகள், பெரிதாக ஏறவில்லை. ஆனால் மேடை நிகழ்ச்சியைப் பதிவுசெய்த ஆல்பங்கள் நன்றாக விற்றன. அவரை நேரில் பார்த்தவர்கள் மறக்கவில்லை. டெக்ஸிஸின் சாக்ஸஃபோன்காரர் பிளைத் அந்த ராம் ஜாம் பேண்டில் வாசித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டு கூட்டத்தின் கோஷத்தோடு தொடங்குகிறது. 1968இல் வியர்வை வழியும் கிளப் ஒன்றில் ஜீனோவைப் பார்த்த ஒரு சிறுவனின் நினைவு. சுற்றியிருப்பவர்கள் மாத்திரையில் மிதக்க, இந்தச் சிறுவனுக்கு அந்த மனிதரே மாத்திரையாக இருந்தார் என்கிறது வரி. குழுவின் பெயரையும், அதற்குள் இருந்த தடையையும் இந்த ஒரு வரி விளக்கிவிடுகிறது. அஞ்சலிப் பாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் திடுக்கிட வைக்கிறார்கள். சிறுவன் வளர்ந்துவிட்டான். இப்போது மேலே நிற்பவன் நான், கீழே இருப்பவர் நீங்கள். இது தற்பெருமை இல்லை, நான் இதற்கென்றே செய்யப்பட்டவன் என்கிறான். குருவை வணங்கிக்கொண்டே அவருடைய இடத்தில் உட்காருகிற பாட்டு. நன்றியும் போட்டியும் இவ்வளவு ஒட்டிப் பிறந்த இன்னொரு முதலிடப் பாட்டு எனக்குத் தெரியாது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அது நாற்பது ஆண்டு தாங்கியிருக்காது.

அட்டைப்படத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். பச்சைச் சாயம் ஏற்றிய செய்திப் புகைப்படம். 1971இல் பெல்ஃபாஸ்டில் மத மோதலுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறும் கத்தோலிக்கச் சிறுவன், கையில் மூட்டை முடிச்சோடு நடக்கிறான். குழுவின் முகம் அட்டையில் இல்லை. முதலிடம் பிடித்த பாட்டு கையில் இருக்கும்போது விற்பனைக்காகத் தங்கள் முகத்தைப் போடாமல் இந்தச் சிறுவனைப் போட்டது, 'பர்ன் இட் டவுன்' பாட்டின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'செவன் டேஸ் டூ லாங்' 1960களில் சக் வுட் பாடியது, நார்தர்ன் சோல் கூடங்களின் செல்லப் பாட்டு. டெக்ஸிஸ் அதை உற்சாகமாகப் பாடுகிறார்கள், ஆனாலும் மூலத்தில் இருக்கும் இலகு இல்லை. 'தேங்க்ஃபுல்லி நாட் லிவிங் இன் யார்க்‌ஷயர் இட் டஸன்ட் அப்ளை' தலைப்பின் நீளத்துக்கு ஏற்ற கனம் இல்லாத பாட்டு. 'லவ் பார்ட் ஒன்' சாக்ஸஃபோன் பின்னணியில் ரோலண்ட் வாசிக்கும் கவிதை. இளமையின் முறுக்கு அதில் கொஞ்சம் கூடிவிட்டது. 'ஐ'ம் ஜஸ்ட் லுக்கிங்' பொறுமையாகக் கேட்கக் கேட்கத் திறக்கும் பாட்டு. முதல் தடவை பிடிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம், விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

முடிவுப் பாட்டான 'தேர், தேர், மை டியர்' வேறு கதை. சிங்கிளாக வந்து ஏழாம் இடம் வரை போனது. ராபின் என்பவருக்கு எழுதும் கடிதமாகப் பாட்டு அமைந்திருக்கிறது. ராபின் ஒரு நாகரிக இசைக்காரர். புத்தக அலமாரியைக் காட்டிப் பேசுகிறவர். அவர் உதிர்க்கும் பெயர்களை ரோலண்ட் திருப்பி வீசுகிறார்: பரோஸ், பாலார்டு, டுஷாம்ப், பொவ்வார், கெருவாக், கீர்க்ககார்டு. உனக்கு ஃபிராங்க் சினாட்ராவை உண்மையிலேயே பிடிக்கும் என்று நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். இந்தப் பாட்டில்தான் ஆல்பத்தின் தலைப்பு வருகிறது. இளம் சோல் கலகக்காரர்களைத் தேடுகிறேன், எங்கும் காணோம், அவர்களை எங்கே ஒளித்துவைத்தீர்கள் என்று கேட்கிறார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். முதல் பாட்டில் எழுத்தாளர் பெயர்களை வரிசையாக அடுக்கியவர் இதே மனிதர். கடைசிப் பாட்டில் எழுத்தாளர் பெயர்களை அடுக்குகிறவனைக் கிழிக்கிறார். முரண்பாடு என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கோ ஆல்பத்தின் உயிரே இந்த இரண்டு பட்டியல்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. பீஹனையும் பெக்கெட்டையும் அவர் உச்சரிப்பது, தன் பெற்றோரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பதற்காக. ராபின் கெருவாக்கை உச்சரிப்பது, பக்கத்தில் இருப்பவனைவிட உயரமாகத் தெரிவதற்காக. ஒரே செயல், யாருக்கு எதிராகச் செய்யப்படுகிறது என்பதில் அதன் தர்மம் மாறிவிடுகிறது. ரோலண்டுக்கு இது உள்ளூரத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கடைசிப் பாட்டில் அவர் குரல் அவ்வளவு நடுங்குவதற்கு ராபின் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த ராபின் தனக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறான் என்ற பயமும் அதில் கேட்கிறது.

இசைப் பத்திரிகைகளோடு அவர் போட்ட சண்டையும் இதே இடத்திலிருந்து வந்ததுதான். பேட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டு, தாங்கள் சொல்ல விரும்பியதைக் கட்டுரையாக எழுதி, பணம் கட்டி, முழுப் பக்க விளம்பரமாக வெளியிட்டார்கள். பத்திரிகையாளர்கள் எரிச்சலடைந்தார்கள். ஆல்பம் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது.

குழு அந்த ஆண்டைத் தாண்டவில்லை. அடுத்த சிங்கிளாக ரோலண்ட் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்த 'கீப் இட் பார்ட் டூ' பட்டியல் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. 1980 இறுதியில் பெரும்பாலோர் வெளியேறி 'தி பியூரோ' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ரோலண்ட், ஆர்ச்சர், பேட்டர்சன் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். ஆர்ச்சரும் பிறகு போய்விட்டார். இவ்வளவு கண்டிப்பான தலைவரின் கீழ் எட்டுப் பேர் இவ்வளவு காலம் இருந்ததே பெரிது என்று அவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 'ஜீனோ', அடுத்து 'டெல் மீ வென் மை லைட் டர்ன்ஸ் கிரீன்', அதன் பிறகு 'தேர், தேர், மை டியர்'. இந்த மூன்றும் உங்களைப் பிடித்துக்கொண்டால், வானொலிக் கரகரப்பிலிருந்து தொடங்கி முழு ஆல்பத்தையும் இடையில் நிறுத்தாமல் வரிசையாகக் கேளுங்கள். வரிசையைக் கலைத்தால் அந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள முடியாது. 2010இல் வந்த மறுபதிப்பில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. சிங்கிள்களும் வானொலிப் பதிவுகளும் அதில் இருக்கின்றன. 'பர்ன் இட் டவுன்' முதலில் 1979 இறுதியில் 'டான்ஸ் ஸ்டான்ஸ்' என்ற பெயரில் சிங்கிளாக வந்து நாற்பதாம் இடத்தோடு நின்ற பாட்டு. பழைய வடிவத்தையும் ஆல்பத்தில் உள்ளதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். வரிகள் அவையேதான், சில மாதங்களில் அந்த மூன்று ஊதுகருவிகளுக்கு எவ்வளவு வலு ஏறியிருக்கிறது என்பது உடனே தெரியும்.